புகார்ப் பெட்டியின் சாவி யாரிடம்?

இந்த இதழில் உள்ளாட்சிப் புகார்கள் மட்டும். சினிமா, கிரிக்கெட் கேள்வி அனுப்பியவர்கள் ஒரு வாரம் பொறுக்கவும். அவை கெட்டுப்போகாது, தெருமுனைக் குப்பை கெட்டுப்போகும்.

கே: திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் எங்கள் ஊராட்சித் தலைவர் மீது மனு கொடுத்தேன். சில வாரம் கழித்து அவரே டீக்கடையில் என்னை நிறுத்தி, "அண்ணே, உங்க மனு எங்கிட்டதான் இருக்கு. எழுத்துப் பிழை நிறைய" என்கிறார். இது எப்படி?
— பெயரும் ஊரும் வேண்டாம் என்ற வாசகர்

ப: மனு வழிதவறவில்லை. சரியான வழியில்தான் போயிருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் எண் போட்டார்கள். அங்கிருந்து ஊராட்சிகள் உதவி இயக்குநர். அவர் 'உரிய நடவடிக்கைக்காக' என்று எழுதி வட்டார வளர்ச்சி அலுவலரான பி.டி.ஓ.வுக்குத் தள்ளினார். பி.டி.ஓ. 'அறிக்கை கோரி' ஊராட்சிச் செயலருக்கு அனுப்பினார். செயலர் யாரைக் கேட்பார்? பக்கத்து நாற்காலியில் இருப்பவரை. 'மனுதாரர் கூறுவது உண்மைக்குப் புறம்பானது' என்ற வரி அங்கே பிறந்து, இறங்கி வந்த படிகளிலேயே ஏறி, ஒருநாள் உங்கள் வீட்டுக்குக் கவரில் வரும். இத்தனையிலும் யாரும் ஒரு விதியைக்கூட மீறியிருக்க மாட்டார்கள். எரிச்சலே அதில்தான்.

அடுத்த மனுவில் ஒரு வரி சேருங்கள்: 'புகார் தலைவர் மீதும் செயலர் மீதும் என்பதால், அவர்களிடம் அறிக்கை பெற்று முடிக்காமல், வேறு ஒன்றியத்து அலுவலரைக் கொண்டு நேரில் விசாரிக்கக் கோருகிறேன்.' மனு எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு மாதம் கழித்துப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தக் கோப்பின் குறிப்புப் பக்கங்களைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். யார் எந்தத் தேதியில் என்ன எழுதித் தள்ளினார் என்பது அதில் இருக்கும். 'தள்ளியவர்' என்று தன் பெயர் வெளியே வரப்போகிறது என்றால் பேனா கொஞ்சம் தயங்கும்.

கே: மொட்டைக் கடிதாசி போடலாமா?
— விருதுநகர் வாசகர்

ப: போடலாம், படிக்க மாட்டார்கள். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையமே பெயரில்லாத புகாரை எடுத்துக்கொள்வதில்லை என்று கொள்கை வைத்திருக்கிறது. சரி, பெயர் போட்டால் பாதுகாப்பு? முறைகேட்டை வெளிப்படுத்துவோருக்கான பாதுகாப்புச் சட்டத்தை 2014-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் கையெழுத்தும் ஆனது. அமலுக்கு வரும் தேதியை மட்டும் அறிவிக்காமல் வைத்திருக்கிறார்கள். அந்தச் சட்டத்துக்கும் ஏதோ மிரட்டல் வந்திருக்கும் போல.

நடுவழி ஒன்று உண்டு. தகவல் உரிமை மனுவை உங்கள் ஊர்க்காரர்தான் போட வேண்டும் என்பதில்லை. இந்தியக் குடிமகன் எவரும் போடலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் உங்கள் சித்தி மகன் கேட்கட்டும். காகிதம் கைக்கு வந்தபின், ஒரு பெயருக்குப் பதில் முப்பது கையெழுத்தோடு மனு எழுதுங்கள்.

கே: ஓட்டுப் போட்டவர்கள் நாங்கள். தப்புச் செய்தால் தலைவரை நாங்களே இறக்க முடியாதா?
— மன்னார்குடி வாசகி

ப: முடியாது. கிராம ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே வார்டு உறுப்பினர்கள் கூடி நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டு அனுப்பிவிடவும் முடியாது. துணைத் தலைவரை அப்படி அனுப்பலாம்.

தலைவருக்கு இருப்பது 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவு. மாவட்ட ஆட்சியர்தான் 'ஊராட்சிகளின் ஆய்வாளர்'. அவர் குற்றச்சாட்டைச் சொல்லி விளக்கம் கேட்பார். விளக்கம் திருப்தியில்லை என்றால் தாசில்தாரை அனுப்பி ஊராட்சி மன்றத்தைக் கூட்டச் சொல்வார். தாசில்தார் அங்கே ஆட்சியரின் நோட்டீஸையும் தலைவரின் விளக்கத்தையும் வாசிப்பார். அதற்குமேல் நியாய அநியாயம் பேசக்கூடாது, ஓட்டும் கிடையாது. உறுப்பினர்கள் சொன்ன கருத்தை எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பார். நீக்குவதா விடுவதா என்பது ஆட்சியர் முடிவு. நீக்கினால் அந்த அறிவிப்பை ரத்துசெய்யும் அதிகாரம் அரசுக்கு உண்டு. அதற்கு மேலே உயர் நீதிமன்றம்.

அங்கே பல தடவை இந்த உத்தரவுகள் கவிழ்வது தலைவர் உத்தமர் என்று தெரிந்ததால் அல்ல. நோட்டீஸில் விவரம் இல்லை, விளக்கத்தைப் படித்ததற்கான அடையாளமே உத்தரவில் இல்லை என்பதால். கோபத்தில் அடித்த ஆர்டர், ஸ்டே வாங்கத் தோதாக அமைந்துவிடும். மாலை போட்டு ஊர்வலம் வருவார், பட்டாசுச் செலவு யார் கணக்கில் என்று கேட்காதீர்கள்.

கே: மன்றக் கூட்டத்தில் உறுப்பினர் தூங்கினால் நடவடிக்கை உண்டா?
— காரைக்குடி வாசகர்

ப: தூங்குவது குற்றமில்லை. தூங்கி எழுந்தபின் கையெழுத்துப் போடுவதில்தான் வம்பு.

கே: எங்கள் ஊரில் பதவி அம்மாவுக்கு, நாற்காலி ஐயாவுக்கு. யார் மீது புகார் எழுதுவது?
— தர்மபுரி மாவட்ட வாசகி

ப: ஐயா மீதும், ஐயாவை அந்த நாற்காலியில் உட்காரவிட்டு எதிரே அமர்ந்து டீ குடித்த அலுவலர் மீதும். தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் திருத்தினார்கள். வீட்டுக்காரர்கள் அதைத் தங்களுக்கான உப ஒதுக்கீடு என்று புரிந்துகொண்டார்கள். இது தமிழ்நாட்டு நோய் மட்டுமல்ல. 'பிரதான் பதி' என்று வடக்கே பட்டமே இருக்கிறது. ஒன்றிய ஊராட்சி அமைச்சகம் இதற்கென்று 2023-இல் குழு போட்டு, 2025-இல் அறிக்கையும் வாங்கிவிட்டது.

எனக்கு அந்த அம்மாக்களிடம் சொல்ல ஒன்று உண்டு. காசோலையில் கையெழுத்து உங்களுடையது. தணிக்கையில் இழப்பைத் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தால் அது உங்கள் பெயருக்குத்தான் வரும். ஐயா அன்றைக்கு, "எனக்கும் ஊராட்சிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பார். சட்டப்படி அது உண்மையும்கூட.

கே: தனித்தொகுதித் தலைவர் நான். துணைத் தலைவர் காசோலையில் கையெழுத்துப் போட மறுக்கிறார். பணி முடங்குகிறது. பணி முடங்கியது என்று என் மீதே புகாரும் போகிறது.
— ஊர் குறிப்பிடாத ஒரு தலைவர்

ப: இதற்கு விளையாட்டாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை.

ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்று சட்டம் வைத்தது ஒருவரை ஒருவர் கண்காணிக்கத்தான். தலைவர் பட்டியலினத்தவர், துணைத் தலைவர் ஊரின் பெரும்பான்மைச் சாதிக்காரர் என்று வரும்போது, அந்தக் கண்காணிப்பே கழுத்துக் கயிறாகிறது. கையெழுத்து வராது, தெருவிளக்கு எரியாது, தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் போகாது, பிறகு 'நிர்வாகத் திறமையின்மை' என்று மனு போகும். 205-ஆவது பிரிவில் தாசில்தார் கருத்துக் கேட்கும் மன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் அதே ஆட்கள். புகார் கொடுக்கும் வசதியை வலுத்தவன் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் பெண் தலைவர் தரையில் அமர, மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருந்த படம் வெளியே வந்துதான் கைது நடந்தது. படம் வராத கூட்டங்கள் எத்தனையோ. மேலவளவு ஊராட்சியின் பட்டியலினத் தலைவர் முருகேசனை 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்.

நீங்கள் செய்ய வேண்டியது: கையெழுத்து மறுத்த ஒவ்வொரு காசோலைக்கும் தேதி, எண், எந்தப் பணிக்கு என்று எழுதி, துணைத் தலைவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம்; நகல் ஆட்சியருக்கு. மாற்றுக் கையெழுத்துக்கு ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேளுங்கள். பல மாவட்டங்களில் செய்திருக்கிறார்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தப்படி, பட்டியலினத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ அவர் கடமையைச் செய்யவிடாமல் தடுப்பது தனிக் குற்றம். உங்கள் தபால் ரசீதுகள்தான் அதற்குச் சாட்சி.

கே: கிராம சபையில் எழுந்து கேட்டால் பயன் உண்டா? பொன்னாடை போர்த்துவதிலேயே நேரம் போய்விடுகிறது.
— உடுமலை வாசகர்

ப: வருடத்துக்கு நான்காக இருந்த கிராம சபையை 2022-இல் ஆறாக்கினார்கள். குடியரசு தினம், மார்ச் 22, மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1. ஆறு பொன்னாடையா, ஆறு கேள்வியா என்பது ஊரைப் பொறுத்தது.

போனதும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக் கேட்பார்கள். போடுங்கள், ஆனால் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ஒரு தீர்மானத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் நாலு விரல்கடை வெற்றிடம் விட்டிருக்கிறதா? அது அழகுக்காக விட்டதல்ல. கூட்டம் கலைந்தபின் அங்கே வேறு மையில் ஒரு தீர்மானம் முளைக்கும். கூட்டம் முடியும்போதே ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். வெற்றிடத்தில் குறுக்குக்கோடு போடச் சொல்லுங்கள். முறைப்பார்கள். முறைத்தால் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறீர்கள்.

நூறு நாள் வேலையில் வருகையைப் படம் எடுத்து ஏற்ற ஒரு செயலி கொண்டுவந்தார்கள். கொஞ்ச நாளில் படத்தையே படம் எடுத்து ஏற்றியவர்கள் கிளம்பினார்கள். 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே இதைச் சுட்டிக்காட்டிச் சுற்றறிக்கை விட்டது. செயலி பார்ப்பது பிக்சலை. ஊர்க்காரருக்குத்தான் யார் வேலைக்கு வந்தார், யார் திருப்பூரில் இருக்கிறார் என்று தெரியும். அதை எழுந்து சொல்லும் இடம் கிராம சபை.

கே: உள்ளாட்சிகளுக்கு என்றே ஒரு முறைமன்ற நடுவம் இருக்கிறதாமே?
— திருவண்ணாமலை வாசகர்

ப: இருக்கிறது. 2014-ஆம் ஆண்டுச் சட்டம். உள்ளாட்சிப் பிரதிநிதிகள், ஊழியர்கள் மீதான ஊழல், நிர்வாகச் சீர்கேட்டுப் புகார்களை விசாரிக்கலாம். அலுவலகம் சென்னையில். ஆட்சியர், பி.டி.ஓ. என்ற அந்தப் பழைய படிக்கட்டுக்கு வெளியே நிற்கிறது என்பதே இதன் முதல் தகுதி. பிரச்சினை என்னவென்றால், நீங்கள் கேட்ட தொனியிலேயே தெரிகிறது: 'இருக்கிறதாமே!' தலைவர் பெயரைச் சுவரில் எழுதியிருக்கும் ஊராட்சி அலுவலகத்தில், அவர் மீது எங்கே முறையிடலாம் என்று எழுத ஓர் அடி சுவர் இல்லையா?

கேரளம் இதை 2000-இல் ஏழு பேர் கொண்ட அமைப்பாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஒரே நடுவராகச் சுருக்கிவிட்டார்கள். ஆனாலும் அவர் மாவட்டம் மாவட்டமாகப் போய் அமர்வு நடத்துகிறார். சென்னைக்கு வா என்று கூப்பிடுவதற்கும் உன் ஊருக்கு வருகிறேன் என்பதற்கும் ஒரு நாள் கூலி வித்தியாசம் இருக்கிறது.

கே: வீட்டு வரைபட அனுமதிக்குப் பணம் கேட்கிறார்கள். கொடுத்துத் தொலைத்துவிடலாமா?
— தாம்பரம் பக்கத்திலிருந்து ஒருவர்

ப: 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபின், கொடுப்பவரும் குற்றவாளி. வேறு வழியில்லாமல் கொடுத்தேன் என்றால் ஏழு நாளுக்குள் போலீஸில் சொல்லிவிட வேண்டும். எட்டாவது நாள் நீங்கள் பாதிக்கப்பட்டவர் அல்ல, பங்காளி.

கொடுப்பதற்கு முன்னாலேயே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள். உங்கள் நோட்டுகளின் எண்களைச் சாட்சிகள் முன்னால் எழுதிக்கொள்வார்கள். ஃபினால்ப்தலீன் பொடி தடவுவார்கள், கண்ணுக்குத் தெரியாது. "அவராகக் கேட்டால் மட்டும் கொடுங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அந்த 'கேட்டால்' தான் வழக்கின் உயிர். அவர் வாங்கி எண்ணி பாக்கெட்டில் வைத்ததும், நீங்கள் முன்பே பேசிக்கொண்ட சைகையைக் காட்டுவீர்கள். உள்ளே வருபவர்கள் ஒரு கண்ணாடித் தம்ளரில் சோடியம் கார்பனேட் கரைசல் கலந்து அவர் விரலை முக்கச் சொல்வார்கள். தண்ணீர் ரோஜா நிறமாகும். அதைப் பாட்டிலில் ஊற்றி, சீல் வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

நிறம் மாறினால் மட்டும் தண்டனை இல்லை. கேட்டார் என்பது நிரூபணமாக வேண்டும். முன்பெல்லாம் புகார்தாரர் பிறழ்சாட்சியானால் கதை முடிந்தது என்று ஒரு நம்பிக்கை இருந்தது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, சூழ்நிலைச் சாட்சியத்தாலும் அதை நிரூபிக்கலாம் என்று சொல்லிவிட்டது. 'பேசி முடித்துக்கொள்ளலாம்' என்று இரவில் வீட்டுக்கு வரும் மாமாக்களுக்கு இந்தத் தீர்ப்பைச் சொல்லிவைக்கவும்.

கே: வெள்ளைக்காரன் நாட்டில் இதெல்லாம் ஒழுங்காக நடக்குமா?
— புதுச்சேரி வாசகர்

ப: இங்கிலாந்தில் ஹேண்ட்ஃபோர்த் என்ற சிற்றூர் மன்றத்தின் ஜூம் கூட்டத்தைப் பாருங்கள். 2020 டிசம்பரில் நடந்தது, அடுத்த பிப்ரவரியில் உலகமே பார்த்தது. ஒருவர் கத்துகிறார். கூட்டத்தை நடத்த வெளியிலிருந்து வந்த ஜாக்கி வீவர் என்ற அம்மாள், 'உங்களுக்கு இங்கே அதிகாரமே இல்லை' என்ற மன்றத் தலைவரையே பதறாமல் ஜூமின் காத்திருப்பு அறைக்கு அனுப்பிவிடுகிறார். கூட்ட விதிகளைப் படித்துப் பாருங்கள் என்று இன்னொருவர் கூச்சலிட, அவரும் வெளியே. அம்மாள் ஒரே இரவில் நாயகி ஆனார். பிறகு விசாரணை நடத்தி, 'அவருக்கு உண்மையிலேயே அதிகாரம் இல்லை, ஆனாலும் அவர் செய்ததைப் புரிந்துகொள்ள முடிகிறது' என்று அறிக்கை தந்தார்கள். விசாரணைச் செலவு 85,000 பவுண்டு.

சிரித்து முடித்தீர்களா? இனி விஷயம். இங்கிலாந்தில் மன்ற உறுப்பினர் நடத்தையைக் கவனிக்க 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு தேசிய வாரியமே வைத்தார்கள். 2006-இல் லண்டன் மேயர் கென் லிவிங்ஸ்டன், ஒரு யூத நிருபரை வதைமுகாம் காவலாளியோடு ஒப்பிட்டதற்காக அவரை நான்கு வாரம் இடைநீக்கம் செய்தது ஒரு தீர்ப்பாயம். லட்சக்கணக்கானோர் தேர்ந்தெடுத்தவரை மூன்று பேர் வீட்டுக்கு அனுப்புவதா என்று சண்டை. உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2012-இல் வாரியத்தையே கலைத்தார்கள். அதற்குப் பிறகு மன்றத்துக்குள்ளேயே ஒரு கண்காணிப்பு அலுவலர், கலந்து பேச ஒரு சுதந்திர நபர். குற்றம் நிரூபணமானாலும் கண்டிக்கலாம், மன்னிப்புக் கேட்கச் சொல்லலாம், பயிற்சி வகுப்புக்குப் போகச் சொல்லலாம். இடைநீக்கம் முடியாது. இது போதாது, ஆறு மாதம் வரை இடைநீக்கும் அதிகாரம் வேண்டும் என்று அவர்களின் பொதுவாழ்வு நெறிமுறைக் குழு 2019-இல் பரிந்துரைத்தது.

நம் சட்டம் ஆட்சியருக்குக் கோடரி கொடுத்தது. அவர்கள் சட்டம் கையில் ஒரு கைக்குட்டையைக் கொடுத்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பிரம்பை இரண்டு சட்டமும் தரவில்லை.

கே: தலைவரின் மச்சானுக்கே எல்லா ஒப்பந்தமும். தடுக்க உத்திரமேரூர் கல்வெட்டு உதவுமா?
— காஞ்சிபுரம் வாசகர்

ப: நக்கலாகக் கேட்டாலும் கேள்வி சரி. நம் சட்டம் தலைவர் தாமே ஒப்பந்தத்தில் பங்குவைத்திருந்தால் பதவி போகும் என்கிறது. மச்சான் வருமானவரி தனியாகக் கட்டும் தனி மனிதர். இங்கிலாந்தில் மனைவியின் அல்லது கணவரின் சொத்து, தொழில் நலன்களையும் தன்னுடையதாகவே பதிவு செய்ய வேண்டும். அங்கேயும் மச்சான் தப்பிவிடுகிறார்.

உத்திரமேரூரில் தப்ப முடியாது. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரைக் குடவோலைக்குத் தகுதியற்றவர் ஆக்குகின்றன. கூடவே அவரது தகப்பன், மகன், மாமனார், மருமகன், மைத்துனன், சின்னம்மை பெரியம்மை பிள்ளைகள் என்று நீண்ட பட்டியல். இரண்டே ஆண்டில் விதியைத் திருத்தியதைப் பார்த்தால், முதல் விதியில் யாரோ ஓட்டை கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

உடனே 'ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஜனநாயகம்' என்று பேனர் கட்ட வேண்டாம். அது பிராமணர் சபை. நிலம் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் பெயரும் என் பெயரும் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. மச்சானைப் பிடிக்கும் வித்தையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

கே: எங்கள் பிரதேச சபைத் தவிசாளரின் சொத்து விவரத்தை நாங்கள் கேட்க முடியுமா?
— யாழ்ப்பாண வாசகி

ப: 2023-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி, உள்ளூராட்சி மன்ற உறுப்பினர்களும் சொத்து, பொறுப்பு விவரங்களைக் கொடுத்தாக வேண்டும். முறைப்பாட்டை இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரை உங்களிடம் முறையிடத் தவிசாளரே இல்லை. அந்த விஷயத்தில் நாம் இருவரும் ஒரே கடலின் இரண்டு கரை.

கே: அதையே கேட்கிறேன். தலைவர் இல்லாமல் தனி அலுவலர் ஆளும்போது யார் மீது புகார் எழுதுவது?
— பரமக்குடி வாசகர்

ப: தமிழ்நாட்டில் 2016 முதல் 2019 வரை அப்படித்தான் கழிந்தது. 2025 ஜனவரி 5-இல் பெரும்பாலான மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, மறுபடி தனி அலுவலர்கள். கிராம ஊராட்சிக்குத் தனி அலுவலர் யார் தெரியுமா? வட்டார வளர்ச்சி அலுவலர். தலைவர் செய்ய வேண்டியதை அவர்தான் செய்கிறார். அவர் செய்ததைப் பற்றி நீங்கள் ஆட்சியரிடம் கொடுத்த மனு, 'விசாரித்து அறிக்கை தரவும்' என்று அவருக்கே வரலாம். தமக்குத் தாமே நினைவூட்டல் கடிதம் எழுதிக்கொள்வாரா என்பது என் சொந்தச் சந்தேகம்.

கே: புகார் கொடுப்பவர்களில் பாதிப்பேர் போன தேர்தலில் தோற்றவர்கள்தானே?
— நாமக்கல் வாசகர்

ப: இருக்கட்டுமே. சாலை நீளத்தை அளக்க டேப் போதும், அளப்பவரின் நல்ல மனசு தேவையில்லை.

கே: நல்ல புகார் எப்படி இருக்க வேண்டும்?
— பொள்ளாச்சி வாசகி

ப: ஒரே பக்கம், ஒரே விஷயம். 'பகல் கொள்ளை', 'ராஜ்ஜியம் நடத்துகிறார்' எல்லாம் மேடைக்கு. 'மேலத்தெருவில் 120 மீட்டர் சிமென்ட் சாலை போட்டதாகப் பணம் எடுக்கப்பட்டுள்ளது. அளந்தால் 85 மீட்டர் இருக்கிறது. டேப்போடு எடுத்த படம் இணைப்பு 1, மதிப்பீட்டு நகல் இணைப்பு 2' என்று எழுதுங்கள். இப்படி எழுதினால் 'உண்மைக்குப் புறம்பானது' என்று பதில் போட ஒருவர் தெருவுக்கு வந்து 35 மீட்டரைத் தேட வேண்டியிருக்கும்.

கே: மனு எழுதி எழுதிச் சட்டமெல்லாம் மனப்பாடம். அடுத்த தேர்தலில் நானே நிற்கப் போகிறேன். உங்கள் யோசனை?
— அறந்தாங்கி வாசகர்

ப: தாராளமாக. முதலில் வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் பாக்கியைக் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். எதிர் வேட்பாளரும் மனு எழுதத் தெரிந்தவராக இருக்கலாம்.